விட்டுப்போன கொம்பு

கரோல் பாக், புது டெல்லி
2.9.2024

சௌபாக்கியவதி பிரபாவுக்கு உன் தாய்மாமன் சுப்பையா மனசு நிறைந்து எழுதுவது. இங்கே நானும் அக்காவும் டெல்லிப் புழுக்கமும் சௌக்கியம். ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளை மதனும் உன் வயிற்றில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஆளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது மாமா ஏன் காகிதத்தைத் தூக்கினார் என்று நினைப்பாய். உன் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் போன். நீ அங்கே இருமினால் இங்கே அவளுக்குக் கேட்க வேண்டும். அவள் காதில் விழக் கூடாத ஒரு சங்கதியை நான் வேறு எப்படிச் சொல்வது? நீயும் பதிலை வீட்டுக்கு எழுதாதே. அனந்தகிருஷ்ணன் காபித்தூள் கடைக்கு எழுது. நான் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். கடையில் பாதி வியாபாரம் என் பேச்சால் நடக்கிறது என்று அனந்தகிருஷ்ணனே சொல்வான். மீதிப் பாதி என் பேச்சால் கெடுகிறது என்றும் சொல்வான், அதை விடு.

சங்கதி இதுதான். உன் அப்பாவுக்குச் சிலை வைக்கப் போகிறார்கள்.

ஆமாம் தாயி. எழுத்தாளர் பேச்சிமுத்துவுக்கு, தலைநகர் டெல்லியில், சிலை. கோல் மார்க்கெட்டில் நம் பழைய குவார்ட்டர்ஸுக்கு எதிரே, நீ ஊஞ்சலில் இருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாயே, அதே பூங்காவில். நம் வாசகர் வட்டத்துச் செயலாளர் வெங்கடராமன் தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். யோசனை யாருடையது என்று ஆண்டவனுக்குத் தெரியும். பூங்கா ஆபீசுக்கு நான்தான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். நான் உள்ளே நுழைந்ததும் ஆபீசர் எழுந்து நின்றுவிட்டார். அவர் சாப்பாட்டுக்குக் கிளம்பினார் என்று வெங்கடராமன் சொல்வார், பொறாமை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் மினிஸ்ட்ரியில் நான் சுமந்த பைலை எல்லாம் பிரித்துப் படித்திருந்தால் இன்றைக்கு நான் கேபினட் செக்ரட்டரி.

இனிமேல்தான் சிக்கல். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அந்தப் பூங்காவில் சிலை வைக்க விடமாட்டார்களாம். "இவர் இருக்கிறாரா, இல்லையா?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார். நான் என்னம்மா சொல்ல? ஒரு மார்கழிக் காலையில் குல்லாகூடப் போடாமல் பேப்பர் வாங்கப் போன அத்தான் ஏழு வருஷம் தாண்டியும் இன்னும் பேப்பர் வாங்கிக்கொண்டே இருக்கிறார் என்றா? அதற்கு முன்பே அவருக்கு மறதி முற்றிவிட்டது. என்னையே ஒருநாள், "நீங்க யாரு, எந்த செக்ஷன்?" என்று கேட்டவர். ஏழு வருஷம் ஆகிவிட்டால் ஆள் இல்லை என்றே வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். குடும்பத்தில் ஒருவர் அதற்குச் சம்மதித்து எழுதித் தர வேண்டும். மகள் கொடுத்தால் போதுமாம். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்காவிடம் என்ன சொன்னீர்கள் என்றுதானே கேட்கப் போகிறாய்? அங்கேதான் உன் மாமன் மூளையைப் பார். "அக்கா, நாம ஒட்டின போஸ்டர் எல்லாம் மழையில போச்சு. கல்லுல வச்சா போகாது. அத்தான் எங்க சுத்துனாலும் ஒருநாள் பழைய வீட்டைத் தேடி இந்தப் பக்கம் வருவாக. தன் மூஞ்சியத் தானே பார்த்தா ஞாபகம் வந்திரும்" என்றேன். அக்கா அன்றைக்குக் கேசரி கிண்டினாள். பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டாள்.

கையெழுத்தைச் சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
சிலைக் குழுத் துணைத் தலைவர்,
உன் ஆசை மாமன் சுப்பையா


ஸ்டுட்கார்ட்
21.9.2024

அன்புள்ள மாமாவுக்குப் பிரபா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். வாந்தி மட்டும் நிற்கவில்லை.

தமிழில் எழுதி எவ்வளவு நாள் ஆயிற்று. நீங்கள் எழுதினால் நானும் எழுதத்தானே வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. முதலில் சிரித்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதிலும் நீங்கள் 'றை', 'லை', 'னை' எதற்கும் முன்னால் கொம்பு போடுவதில்லை. சிலைக்குச் 'சில' என்றே முழுக் கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குச் சில வைக்கப் போகிறார்கள் என்று படித்துவிட்டு, சில என்ன என்று தேடினேன். பிறகு விட்டுப்போன கொம்பையெல்லாம் நானே பென்சிலால் போட்டுக்கொண்டு படித்தேன். அப்பா இருந்திருந்தால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருப்பார்.

அப்பா இருந்திருந்தால் என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். போட ரொம்ப நேரம் ஆகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. போன வருஷம் டெல்லி வந்தபோது சாந்தினி சவுக்குக்குப் புடவை வாங்கப் போகிறேன் என்று சொன்னேனே, அன்றைக்குப் போய் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அடையாளம் தெரியாமல் எரிக்கப்பட்டவர்களின் சாம்பிள்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். இதுவரை பதில் இல்லை. நான் அப்பாவை இல்லாதவராக்கி ரொம்ப நாளாகிவிட்டது மாமா. அம்மாதான் இன்னும் இரண்டு பேருக்கு அரிசி போடுகிறாள். மூன்றாவது ஆள் நீங்கள் என்பதையே மறந்துவிடுகிறாள்.

அதனால் கேட்கிறேன். அம்மாவிடம் நீங்கள் சொன்ன அந்தச் சிலைக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. ஹரித்துவாரில் அப்பா படித்துறையில் உட்கார்ந்து சுண்டல் தின்றதை ஒருவர் பார்த்தார் என்றீர்கள். மதுராவில் ஒரு சத்திரத்தில் பேர் சொல்லாமல் தங்கியிருக்கிறார் என்றீர்கள். அதெல்லாம் நிஜமா என்று நான் கேட்டால், "நிஜம்தான், கொஞ்சம் நகாசு" என்பீர்கள். எனக்கு நகாசு வேண்டாம். கல்லில் என்ன எழுதப் போகிறார்கள் என்பதை அம்மா அங்கே போய்ப் படிப்பதற்கு முன்னால் நீங்கள் அவளிடம் சொல்லிவிடுங்கள். பொட்டு வைப்பதோ எடுப்பதோ அவள் இஷ்டம், அதில் யாரும் வாய் வைக்கக் கூடாது. ஆனால் தெரிந்துகொண்டு வைக்கட்டும்.

வெங்கடராமன் சார் எனக்கு வாட்ஸப்பில் அழைப்பிதழ் அனுப்பினார். உங்கள் பெயர் 'நாற்காலி, தேநீர் ஏற்பாடு' என்பதற்குக் கீழே இருக்கிறது, துணைத் தலைவரே.

உங்கள் மருமகள்,
பிரபா


கரோல் பாக்
26.11.2024

என் செல்ல மருமகள் பிரபாவுக்கு மாமன் சுப்பையா. திறப்பு விழா அமோகம். வாட்ஸப்பில் வெங்கடராமன் போட்ட படத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடாதே. அது கூட்டம் வருவதற்கு முன்பு எடுத்தது. கூட்டம் எப்போது வந்தது என்று கேட்காதே. இருபது பேர்தான் என்று அவர் சொல்வார், புறாக்களை அவர் எண்ணவில்லை.

சிலையைப் பற்றிச் சொல்கிறேன். சிலை செய்கிற இடத்தில் யாரோ ஒரு கட்சிக்காரருக்காகச் செய்து, அவர்கள் வாங்காமல் போன மார்பளவுச் சிலை ஒன்று தயாராகக் கிடந்தது. கோட்டு, பொத்தான் துளையில் ரோஜாப்பூ, எல்லாம் ஜோர். தலையை மட்டும் அத்தானுடையதாகச் செய்து பொருத்திவிட்டார்கள். அத்தான் ஆயுசில் கோட்டுப் போட்டதில்லை, உண்மைதான். ரிட்டயர் ஆன அன்றைக்குக்கூட அக்கா பின்னிய கை இல்லாத ஸ்வெட்டர்தான். ஆனால் ஒரு எழுத்தாளருக்குச் செத்த பிறகாவது ஒரு கோட்டு வேண்டாமா? மூக்கு சற்றுப் பெரிது. அது மரியாதைக்கு. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அதனால் ராத்திரியிலும் வெளிச்சம்.

இப்போது நீ கோபிக்கிற இடம் வருகிறது. கோபிக்காமல் படி.

கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தை வெங்கடராமன் டைப் அடித்து அனுப்பினார். கல் வெட்டுகிறவன் ராஜஸ்தான்காரன், அவனுடைய கம்ப்யூட்டரில் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. நான் சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று மினிஸ்ட்ரியிலேயே பேர். அவன் நான் எழுதியதை அப்படியே, ஒரு புள்ளி பிசகாமல் வெட்டினான். அப்படியே வெட்டியதுதான் தப்பாகப் போயிற்று.

திரையை இழுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் கை தட்டல் வரிசையாக நின்றது. வெங்கடராமன் என் காதுக்குள், "ஒரு கொம்பு போட மாட்டீரா ஓய்? ஒரே ஒரு கொம்பு!" என்றார். நான் அப்போதுதான் படித்தேன்.

மறந்த தமிழ் எழுத்தாளர் பேச்சிமுத்து.

மறைந்த என்பதுதான் வாசகம். பேசும்போது 'மழ' என்கிறோம், 'தல' என்கிறோம். வாயில் வராத கொம்பைக் கையால் எதற்குப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் தாயி, நான் வேண்டுமென்றேதான் விட்டேன் என்று வைத்துக்கொள்ளேன். உன் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லச் சொன்னாய். சொல்வதற்காக ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன். விழா நாள் வந்துவிட்டது. அவள் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போய், கல்லின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். எனக்கு உயிர் இல்லை.

படித்து முடித்துவிட்டுத் திரும்பினாள். "சரியாத்தான எழுதியிருக்கு. மறந்தவுகதானே. மறந்தவுகளுக்கு ஞாபகம் வராமயா போகும்" என்றாள். பிறகு சொன்னாள், "இந்த ஊருக்கு வந்த நாளா எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச கல்லு இது ஒண்ணுதான்."

வெங்கடராமனும் தலையை ஆட்டினார். கல்லை மாற்ற வேண்டும் என்று பிறகு குதித்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு மெட்ரோவில் போய்ச் சிலையைத் துடைத்துவிட்டு வருகிறாள். பூங்காவைச் சுற்றி நடக்கிற கிழவர்களின் முகத்தையெல்லாம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறாள்.

பிழையும் ஒரு நல்லதுக்குத்தான், இல்லையா?

இப்படிக்கு,
கல்வெட்டுப் புகழ்
மாமன் சுப்பையா


ஸ்டுட்கார்ட்
16.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் வந்துவிட்டது. என் ரத்தம் ஒத்துப்போயிருக்கிறது.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். யமுனைக்கு அப்பால், டெல்லி எல்லையைத் தாண்டி ஒரு சிறிய ஊர், பெயர் இத்துடன் வைத்திருக்கும் தாளில் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மூடியிருந்த டீக்கடை. அங்கே ஒரு வயதானவர் குளிரில் இறந்து கிடந்தார். பையில் எதுவும் இல்லை. யாரும் கேட்டு வராததால் போலீஸ்காரர்களே எரித்துவிட்டார்கள். எந்த வருஷம் என்று கேட்பீர்கள். வேறு வருஷம் இல்லை மாமா. அவர் காணாமல் போன அதே குளிர்காலம். பொங்கலுக்கு முன்னால். நாம் டெல்லியில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்து ஊரில் சாம்பலாகிவிட்டார்.

ஹரித்துவாரில் சுண்டல் தின்றவர், மதுராச் சத்திரத்தில் தங்கியவர், எல்லாரும் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

நானே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். டிக்கெட்டும் பார்த்துவிட்டேன். டாக்டர் விடவில்லை. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். விமானம் ஏறக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்கிறார். மதன் என் பாஸ்போர்ட்டை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். போனில் சொல்லலாம் என்றால், ஸ்பீக்கரில் என் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டுவிட்டு நின்றுபோகும். அதற்குப் பிறகு அவள் அங்கே அந்தக் குரலோடு தனியாக இருப்பாள். என்னால் முடியவில்லை.

அங்கே இருப்பது நீங்கள் ஒருவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். ஒரே வாக்கியம் போதும். கங்கை வேண்டாம், சாமியார் வேண்டாம், கடைசி மூச்சில் அவள் பெயரைச் சொன்னார் என்பதும் வேண்டாம். யாரும் பக்கத்தில் இல்லாதபோது யார் கேட்டார்கள்? எதையும் சேர்க்காமல் ஒரே வாக்கியம். எனக்காக.

பிரபா


கரோல் பாக்
7.1.2025

அன்பு மருமகள் பிரபாவுக்கு மாமன்.

உன் கடிதத்தைக் காபித்தூள் கடையில் பிரித்தேன். அனந்தகிருஷ்ணன் என்ன விசேஷம் என்றான். மருமகளுக்கு ஜெர்மனியில் புரமோஷன் என்று சொன்னேன். அவன் எல்லாருக்கும் காபி கொடுத்தான். குடித்தேன். என்ன செய்ய?

நீ சொன்னபடி செய்யத்தான் போனேன். சாமி சத்தியம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து இரண்டு காயை எடுத்துக்கொண்டேன். வாக்கியத்தை மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். நாலே வார்த்தை. "அக்கா, அத்தான் விசயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள் பிரபா. பட்டாணி மடியில் இருந்து உருண்டு ஓடுகிறது, அதைக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணத்து அன்றைக்கு மாப்பிள்ளை வந்தாச்சு என்று யாரோ கத்தினபோது இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்போது நான் சின்னப் பையன், பந்தலுக்குப் பின்னால் நின்றேன். "எங்கலே பாத்தாகளாம்?" என்று கேட்டாள்.

நைனிடால் என்றேன்.

அது எப்படி வாய்க்குள் வந்தது என்று எனக்கே தெரியாது. நைனிடாலுக்கு நான் போனதுகூட இல்லை. அங்கே ஏரிக்கரையில் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார், தமிழ் எழுத்து, பக்கத்தில் போனதும் எழுந்து போய்விட்டார் என்று கடகடவென்று சொன்னேன். படகின் நிறம்கூடச் சொன்னேன். பச்சை. நீ இதைப் படித்துவிட்டுக் காறித் துப்புவாய். துப்பு. ஆனால் அன்றைக்கு அக்கா மூன்று தோசை சாப்பிட்டாள். வெகு நாளாக ஒன்றுக்கு மேல் சாப்பிடாதவள்.

மறுநாள் மறுபடியும் முயற்சி செய்தேன். அவள் பழுப்பு நூல் வாங்கிவரச் சொன்னாள். நைனிடாலில் குளிர் ஜாஸ்தியாமே, அவுக மப்ளர் இல்லாமப் போயிட்டாகளே என்று பின்னத் தொடங்கிவிட்டாள். போன வெள்ளிக்கிழமை முடித்து, அதைச் சிலையின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் எடுத்துக்கிடட்டும் என்றாள். கோட்டுக்கும் ரோஜாவுக்கும் மேலே மப்ளர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வாக்கிங் போகிறவர்கள் செல்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

தாயி, உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு என்ன கிடைக்கும்? ஒரு டீக்கடைச் சுவர். நான் சொன்னதில் ஏரியாவது இருக்கிறது.

நீ படுத்தே இரு. கனமான எதையும் தூக்காதே.

மாமன் சுப்பையா


ஸ்டுட்கார்ட்
22.1.2025

மாமா,

நைனிடால் வரை வந்துவிட்டீர்கள். இன்னும் இமயமலை இருக்கிறது.

அப்பாவின் கதைகளில் ஒன்றில்கூட ஏரி கிடையாது. டீக்கடைச் சுவர்தான் இருக்கும். பஸ் நிற்கும் இடம், குவார்ட்டர்ஸ் மாடிப்படி, கம்பளி இல்லாமல் தூங்குகிறவர்கள். சிலை வைத்தவர்கள் அதை ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம். நீங்களும்.

அம்மா அழ வேண்டிய அழுகையை நீங்கள் இத்தனை வருஷமாகக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள். அது அவளுடையது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், அது வேறு. இந்தக் குளிரில், பூங்காவில், கண்ட கிழவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. நான் இங்கே படுத்துக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தை பிறக்கும் வரை பொறுப்பேன். அதற்குள் நீங்கள் சொல்லவில்லை என்றால், ஸ்பீக்கரோ என்னவோ, நானே போனில் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்க மாட்டேன். இதில் நகாசு எதுவும் இல்லை.

பிரபா


கரோல் பாக்
15.2.2025

பிரபாவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு நான் கடைக்குப் போகவில்லை. பேச வேண்டியிருக்கும் என்று.

வாயால் எனக்கு வராது. இன்னும் இரண்டு முறை பார்த்தேன். அக்கா முன்னால் உட்கார்ந்தால் வேறு எதுவோதான் வருகிறது. அதனால் புதன்கிழமை கல் வெட்டுகிறவனைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். வெங்கடராமனிடம் சொல்லவில்லை. விட்டுப்போன கொம்பைப் போட வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அவன் கல்லைப் பார்த்துவிட்டு, "ஜகா நஹீன் ஹை, அங்கிள்ஜி" என்றான். உண்மைதான். 'ம'வுக்கும் 'ற'வுக்கும் நடுவில் இடமே இல்லை. அப்படி நெருக்கி எழுதிக் கொடுத்தவன் நான்தானே. இருக்கிற இடத்தில் போடு என்றேன். சாக்பீஸால் நானே வரைந்து காட்டினேன். இரண்டு சுழி. வரைய வராமல் மூன்று தடவை அழித்தேன். அவன் உளியை வைத்தான். கொம்பு சின்னதாக, மற்ற எழுத்துக்குத் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி வந்தது. புதுசாக வெட்டினதால் வெள்ளையாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அக்காவும் நானும் போனோம். மெட்ரோவில் அவள் நைனிடாலுக்கு எப்படிப் போவது, பஸ்ஸா ரயிலா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தெரியாது என்றேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லி அவள் கேட்டதில்லை. ஒரு மாதிரி பார்த்தாள்.

பூங்காவில் முதலில் மப்ளரைச் சரி செய்தாள். முகத்தைத் துடைத்தாள், கோட்டைத் துடைத்தாள். கல்லைத் துடைக்கும்போது வழக்கம் போல விரலை வைத்துப் படித்தாள். விரல் நின்றுவிட்டது. அந்தச் சின்னச் சுழியை நகத்தால் தடவிப் பார்த்தாள். மறுபடி முதலில் இருந்து கூட்டினாள். வாய்க்குள்ளே.

"இது முந்தி இல்லையே" என்றாள்.

"இல்லக்கா."

"யாரு போட்டது?"

"நாந்தான்."

கிழவர்கள் இரண்டு பேர் நடந்து போனார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டாள்.

"என்னைக்கு?"

கொம்பு என்றைக்குப் போட்டாய் என்று கேட்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். புதன்கிழமை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அது இல்லை.

"அந்தக் குளிர்லயேக்கா" என்றேன்.

"நைனிடால்?"

"இல்ல."

"ஹரித்துவாரம்?"

"இல்லக்கா. ஒண்ணுமே இல்ல."

அவள் அழவில்லை. சிலையின் கழுத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். குளிரில் இறுகிப் போயிருந்தது, அவிழ நேரமாயிற்று. நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். மப்ளரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். தோட்டக்காரன் குழாய் பக்கம் போய் உட்கார்ந்து முகத்தைக் கழுவினாள். நெற்றியைக் கழுவினாள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்திருக்கும். எழுந்து வந்து, ஈர முகத்தோடு அந்தக் கல்லை இன்னொரு தடவை பார்த்தாள்.

"ஒழுங்காத்தான் போட்டிருக்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். அரிசி போட்டாள். உழக்கில் ஒரு ஆளுக்கு அளந்தாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

நீ எழுதியதில் அந்த ஒரு பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். உன் அப்பா எரிந்த ஊரின் பெயரைக் கேட்டாள். கூட்டிப்போகச் சொல்கிறாள். குளிர் விட்டதும் போகலாம் என்றேன். இல்லை, குளிரிலேயே போக வேண்டும் என்கிறாள். நாளைக்குப் போகிறோம். அங்கே என்ன இருக்கிறதோ அதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுகிறேன்.

இப்போது அவள் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள். உன் நம்பரை நான்தான் போட்டுக் கொடுத்தேன், ஸ்பீக்கரையும் அழுத்தப் போனேன். வேண்டாம் என்றாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திட்டுப் போ என்றாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே இருந்து ஒரு சத்தம் வருகிறது. அவள் ஆயுசில் இப்படி நான் கேட்டதில்லை. நீ அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பாய். நான் உள்ளே போகவில்லை.

இந்தக் கடிதத்தில் எங்கேயாவது கொம்பு விட்டுப்போயிருந்தால் திருத்தி அனுப்பு. சிவப்பு மையாக இருந்தாலும் சரி.

சுப்பையா